தகுதியானவர் என்று எழுதினேன்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெருவில் ஒருமுறை காரை எடுத்தால் திரும்ப நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் சனிக்கிழமைகளில் நான் ரயிலில்தான் றைபிள் கிளப்புக்குப் போவேன். எல்லோருக்கும் முன்னதாகப் போய்க் காதடைப்பான்களைத் துடைத்து வைப்பேன்.

என் பெயர் சண்முகராசா. வயது அறுபத்து மூன்று. பாண் சுடும் தொழிற்சாலையொன்றில் கடைசி ஒன்பது வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். என் காலத்தில் அங்கே ஒருவருக்கும் மெஷினில் விரல் போகவில்லை. ஓய்வு பெற்றதும் றைபிள் கிளப்பில் சேர்ந்தேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனுசனுக்கு இது என்ன விளையாட்டு என்று மனைவி கேட்டாள். அங்கே துவக்கு வைத்திருந்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது என்றேன்.

அந்த முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். இலக்குச் சுடுவதற்கு றைபிள் வாங்க லைசென்ஸ் வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற கிளப் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினராவதற்குக் குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காக வந்து பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். முடித்தவர் நம்பத் தகுந்தவரா என்று கிளப்பில் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் கிளப்பில் அந்த ஒருவர் நான்.

ஜெஸ்ரின் என்னிடம் பயிற்சிக்கு வந்த முதல் தமிழர். முப்பத்தைந்து வயது, டெலிவரி வேன் ஓட்டுபவர். ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. சொல்லும்வரை விசையில் விரல் வைக்கமாட்டார். துவக்கின் குழாயை இலக்குப் பக்கம்தான் பிடிப்பார். மற்றவர்கள் என்னை ‘ஷான்’ என்பார்கள். அவர் ‘மாஸ்ரர்’ என்றார்.

பயிற்சி தொடங்கிப் பதினோராவது கிழமை அவருடைய மனைவி றொசாந்தி என் வீட்டுக்கு வந்தாள். காலை பதினொரு மணியிருக்கும், வீட்டில் நான் மட்டும்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“அண்ணை, அவருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்காதேங்கோ.”

ஏன் என்றேன். கம்பளி ஜம்பரின் கையை மேலே இழுத்துக் காட்டினாள். பழைய காயமும் இருந்தது, புதிய காயமும் இருந்தது.

“பொலிசுக்குச் சொல்லலாமே பிள்ளை.”

“நான்தான் சொன்னதெண்டு தெரிஞ்சா என்னை விடமாட்டார். நீங்கள் சரிவராது எண்டு எழுதினா, கிளப் மறுத்ததெண்டு போயிடும். என்ர பேர் வராது.”

வாய்ப் பேச்சை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, எழுதித் தாரும் என்றேன். குசினி மேசையில் குனிந்து நின்றபடியே ஒரு பக்கம் எழுதினாள். கீழே பெயரும் போட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

உறுப்பினர் மீதோ பயிற்சிக்கு வருபவர் மீதோ முறைப்பாடு வந்தால் அதை அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று கிளப் விதிகளில் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் பார்க்கலாம். அடுத்த சனிக்கிழமை, கடிதத்தின் அடியிலிருந்த பெயரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். பெயர் வரக்கூடாது என்றுதானே அவள் கேட்டாள். மீதியை ஜெஸ்ரினிடம் கொடுத்தேன்.

இரண்டு தரம் வாசித்தார். முகம் மாறவில்லை.

“ஆர் தந்தது மாஸ்ரர்?”

“அதை நான் சொல்லக்கூடாது.”

“ஓம், விளங்குது” என்று சொல்லி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மிக நன்றாகச் சுட்டார்.

மூன்று மாதம் முடிந்ததும் படிவத்தை நிரப்பினேன். இவரைப் பற்றிக் கவலைப்பட ஏதும் காரணம் உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்று எழுதினேன். நிதானமானவர், தகுதியானவர் என்றும் சேர்த்தேன். லைசென்ஸ் வந்தபோது எனக்குத்தான் முதலில் போன் எடுத்தார். அவர் வீட்டில் றைபிள் வைக்கும் இரும்பு அலுமாரியைச் சுவரோடு பொருத்தியபோது நானும் கூட நின்றேன். றொசாந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

றைபிள் வாங்கி ஒன்பதாம் நாள் ஜெஸ்ரின் அந்த அலுமாரியைத் திறந்து அதை எடுத்து அவளைச் சுட்டார். கதவடியில் செத்துக் கிடந்தாளாம்.

மனைவியின் எழுத்து அவருக்கு அடையாளம் தெரியும் என்று நீங்கள் யோசிக்கவில்லையா என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். யோசிக்கவில்லை என்றேன். அதை இன்று திருத்திக்கொள்கிறேன். யோசித்தேன். கடிதத்தை டைப் செய்து கொடுத்திருக்கலாம், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படியே கொடுத்தேன்.

கடிதம் எழுதித் தந்த அன்று வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே அவள் ஒன்று சொன்னாள். “உங்களுக்கு ஆளைத் தெரியாது அண்ணை. துவக்குப் பிடிக்க மட்டும்தான் நீங்கள் பழக்குறியள்.”

பதினொரு கிழமை பக்கத்தில் நின்று மதிப்பிட்டவன் நான். வீட்டுக்குள் வந்து ஐந்து நிமிடம் நின்றவள் என்னிடம் அதைச் சொன்னாள். அவர் எப்படிப்பட்ட நிதானக்காரர் என்பதை அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

என் வாக்குமூலத்தை நீங்கள் எப்படியும் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் மாற்றாமல் எழுதுங்கள். பயிற்சியில் அவர் ஒரு பிழையும் விடவில்லை. என் மதிப்பீடு சரி.