ரெண்டு சீட்டுக்கு ஒரு கண்ணாடி

...உங்க குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசிச்ச ஆண்டறிக்கையைக் கேட்டீங்க. மூணாம் மாடியில துணி காயப் போட்டா ரெண்டாம் மாடி பால்கனியில தண்ணி சொட்டுது. ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் காரை நிறுத்தறார். அதுக்கெல்லாம் நியாயம் சொல்ல நான் வரல. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். கேப்பீங்களா?

தென்காசியில இருந்து ஒரு டூர் பஸ். வயநாடு, குடகு, சிக்மகளூர்னு ஒரு சுற்று. சமையல்காரர், கேஸ் அடுப்பு, வெங்காய மூட்டை எல்லாம் கூடவே வருமே... அந்த மாதிரி டூர். நானும் ஒரு பயணி.

என் சீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னல் ஒண்ணு, சீட்டு ரெண்டு. நகர்ற கண்ணாடியும் ஒண்ணே ஒண்ணு. முன் சீட்டுக்காரங்க அதைப் பின்னால தள்ளினா அவங்களுக்குத் திறக்கும், பின்னால இருக்கறவருக்கு மூடும். அவர் முன்னால தள்ளினா... தலைகீழ்.

முன் சீட்டுல உலகம்மாள். தையல் கடை வச்சிருக்கறவங்க. மலைப்பாதை வளைவுல வயித்தைப் புரட்டும், காத்து வேணும். பின் சீட்டுல பொன்னுலிங்கம். காலமெல்லாம் ரைஸ் மில்லுல தவிட்டுப் புழுதிக்குள்ள வேலை பார்த்தவர். இப்பதான் முதல் முதலா மலை பார்க்க வந்திருக்கார். கண்ணாடியோ பழசு, ஒரே மங்கல். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கா இல்லையா? இருக்கு. கண்ணாடிதான் ஒண்ணு.

"அண்ணாச்சி, கண்ணாடிய விடுங்க. வாந்தி வந்தா உங்க மேலதான் தெறிக்கும்."

"எலுமிச்சம்பழத்த மோந்துக்கோம்மா. நான் மலையப் பாக்கணும்."

"மலை எங்க ஓடிடப் போகுது?"

"மலை ஓடாது. பஸ்ஸுல்லா ஓடுது."

அந்தம்மா தள்ளுவாங்க... டர்ர். இவர் தள்ளுவார்... டர்ர். வயநாட்டுத் தேயிலைத் தோட்டம் முழுக்க டர்ர். மடிக்கேரி வந்தப்போ உலகம்மாள், "இனி அந்த மூஞ்சிய நான் திரும்பிப் பாக்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. கை மட்டும் தள்ளிக்கிட்டே இருந்துச்சு.

டூர் நடத்தறவர் பேரு கொம்பையா. வண்டி கிளம்பறப்போ அவர் தலை எண்ண மாட்டார். ஒரே ஒரு கேள்வி கேப்பார். "பக்கத்து சீட்டு வந்தாச்சா?" அவங்கவங்க பக்கத்துல பார்த்துட்டு "வந்தாச்சு"ம்போம். நல்ல ஏற்பாடுதானே? ஆனா... பொன்னுலிங்கம் தனியா வந்தவர். அவர் பக்கத்து சீட்டுல இருந்தது வெங்காய மூட்டை.

சோமவாரப்பேட்டையில சந்தை நாள். டீ குடிக்க இறங்கினோம். திரும்ப ஏறினோம்.

"பக்கத்து சீட்டு வந்தாச்சா?"

"வந்தாச்சு." எல்லாரும் சொன்னோம். மூட்டை என்ன சொல்லும்? வண்டி கிளம்பிடுச்சு.

ரெண்டு பக்கமும் காப்பித் தோட்டம். முதல் வளைவுல உலகம்மாள் கண்ணாடியைப் பின்னால தள்ளினாங்க. டர்ர்... அது திரும்பி வரல. முகத்துல காத்து அடிக்குது. ஆசைப்பட்ட காத்து, வேணும்கிற அளவு. நிம்மதியா இருக்கணுமா இல்லையா? அந்தம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? தானே கண்ணாடியை முன்னால இழுத்து மூடினாங்க. ஒரு நிமிஷம் காத்திருந்தாங்க. மறுபடி தள்ளினாங்க. பதில் தள்ளு இல்ல.

மூஞ்சியைப் பார்க்க மாட்டேன்னு சொன்னவங்க... எழுந்து நின்னு திரும்பிப் பார்த்தாங்க. சீட்டுல பை கிடக்கு. செல்போன் கிடக்கு. ஆளைக் காணோம்.

"கொம்பையா, வண்டிய நிறுத்து. அண்ணாச்சிய விட்டுட்டு வந்துட்டோம்."

"எல்லாரும் வந்தாச்சுன்னாங்களேக்கா."

"வெங்காயம் வந்தாச்சு. ஆள் வரல."

"வழி குறுகல்க்கா, இங்க திருப்ப முடியாது. போன் போட்டு ஆட்டோ பிடிச்சு வரச் சொல்லலாம்."

"போன் இங்க கிடக்கு. சக்கரை மாத்திரையும் இந்தப் பையிலதான் இருக்கு. அந்த மனுசனுக்குக் கன்னடத்துல தண்ணி கேக்கக்கூடத் தெரியாது. நீ திருப்புதியா, நான் இறங்கி நடக்கட்டுமா?"

ஒரு எஸ்டேட் வாசல்ல வண்டியைத் திருப்பினாங்க.

பஸ் நின்ன அதே இடத்துல, வேர்த்து விறுவிறுத்து, பொன்னுலிங்கம் நிக்கறார். கையில ஒரு சின்னப் பொட்டலம். முதல்ல இறங்கினது யாரு? உலகம்மாள்.

"எங்க போனீங்க?"

"கடைக்கு."

"என்ன வாங்க?"

அந்தம்மாவே வாங்கிப் பிரிச்சாங்க. உள்ளே... கதவுக்கு முட்டுக் கொடுக்கற ரப்பர் கட்டை.

"இது எதுக்கு?"

"கண்ணாடி உன் பக்கமே நின்னு, எனக்கு மலை தெரியறதுக்கு... முட்டு."

பஸ்ஸே சிரிச்சுது. உலகம்மாள் மட்டும் சிரிக்கல. "முதல்ல மாத்திரையப் போடுங்க"ன்னு பையை நீட்டினாங்க.

ஏறி உட்கார்ந்தார் மனுஷன். கண்ணாடியை நட்டநடுவுல நிறுத்தினார். அடியில கட்டையைச் சொருகினார். அந்தம்மாவுக்குக் கொஞ்சம் காத்து, இவருக்குக் கொஞ்சம் மலை. சக்லேஷ்பூர் தாண்டி சிக்மகளூர் வரைக்கும் சத்தமே இல்ல. கொம்பையாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில வண்டி கிளம்புது... டர்ர். பொன்னுலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கட்டை எங்க?"

"நான்தான் எடுத்து வச்சிருக்கேன்."

"எதுக்கு? சண்டைதான் தீந்து போச்சே."

உலகம்மாள் திரும்பாமலே சொன்னாங்க. "தீந்துச்சு. கண்ணாடி அசையலன்னா நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம் பின் சீட்டுல இருந்து... மெதுவா... டர்ர்.

அன்பானவங்களே, அந்த பஸ்ஸுல அவர்கிட்ட சிரிச்சுப் பேசினவங்க நாங்க எல்லாரும். முறுக்கு கொடுத்தோம், போட்டோ எடுத்துக்கிட்டோம். அவர் இல்லைங்கறது எங்க யாருக்காவது தெரிஞ்சுதா? சண்டை போட்டவங்களுக்குத் தெரிஞ்சுது. ஏன்? அவர் ஒருத்தர் அங்க இருக்கார்ங்கறது அவங்க கைக்குப் பழகியிருந்துச்சு.

அதனால உங்களை விட்டுக்கொடுங்கன்னு நான் சொல்லல. நாளைக்கும் மேல இருந்து தண்ணி சொட்டும். போய்க் கேளுங்க. நல்லா கேளுங்க. ஆனா என்னைக்காவது ஒரு நாள் தண்ணி சொட்டலைன்னா... அப்பாடான்னு உள்ளே போயிடாதீங்க.

மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டுங்க.