தங்கப் பட்டை

– கிளப்பு ஷூஹே. அப்பா மதியச் சாப்பாட்டுக்குக் காத்துட்டிருப்பார்.

– இரு அகானே. அதாவது… கண்ணாடியைச் சரிபண்ணிக்கிறேன்.

– எத்தனை தடவை? அதுல உன் மூஞ்சிதான் தெரியுது, ரோடு தெரியல.

– அதாவது… இந்தக் கார் என்னோடது இல்ல.

– சரிதான்! கதவுலயே வாடகைக் கம்பெனி பேரு அவ்ளோ பெருசா ஒட்டியிருக்கு.

– பார்த்துட்டியா?

– சொந்தக் கார்ல வர்றேன்னு அப்பாகிட்ட போன்ல எதுக்கு அளந்தே?

– "மாப்பிள்ளைகிட்ட கார் இருக்கா"ன்னு கேட்டார். சிபாவுல பேரிக்காய்த் தோட்டம் வச்சிருக்கறவர். கார் இல்லாதவனுக்குப் பொண்ணு குடுப்பாரா? பயத்துல வாய்ல வந்துடுச்சு.

– வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே?

– எங்க நிறுத்த? நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ் சான்று குடுத்தாதான் டோக்கியோவுல காரே நம்ம பேருக்கு வரும். அந்த இடத்துக்கு வாடகை, என் ரூம் வாடகையில பாதி. கார் படுத்துக்கிட்டா நான் எங்க படுக்க? அப்புறம் இன்சூரன்ஸ், வரி, வண்டிச் சோதனை…

– சரிதான். லைசென்ஸாவது உன்னோடதா?

– இதோ பாரு, தங்கப் பட்டை! அஞ்சு வருஷமா ஒரு தப்பும் பண்ணாதவனுக்குத்தான் இது.

– அஞ்சு வருஷத்துல எத்தனை நாள் ஓட்டினே?

– அதாவது…

– ஷூஹே.

– டிரைவிங் ஸ்கூலோட சரி.

– அட பாவி! ஓட்டாமலேயே தங்கம் வாங்கிட்டியா?

– சிரிக்காதே. வா, ரயில்ல போயிடலாம். உங்கப்பாகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன். கல்யாணம் வேண்டாம்னு சொன்னா… சொல்லட்டும்.

– போன மாசம் இதே இடத்துல உன்னைப் பார்த்தேன். நிக்கிற வண்டியில தனியா உக்காந்து, இண்டிகேட்டரை இடமும் வலமும் போட்டுட்டிருந்தே.

– ஐயோ! அதையுமா?

– எனக்கு அழுகையே வந்துடுச்சு. அன்னைக்கே நானும் இந்தக் கம்பெனியில வண்டி எடுத்து ஓட்டப் பேரு குடுத்துட்டேன். அப்பாகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

– என்ன சொன்னார்?

– ரொம்ப நேரம் சிரிச்சார். தோட்டத்து மினி லாரியைக் கழுவி வச்சிருக்காராம், நீ ஓட்டிப் பழக.

– நிஜமாவா? சரி, அங்க போய்ச் சேர்ற வரைக்கும் யாரு ஓட்டறது? உன்னோடதும் தங்கம்தானே?

– இல்ல, நீலம். அந்த லாரியிலதான் நிறுத்தக் கோட்டுல நிக்காமப் போய்ப் போலீஸ்ல மாட்டினேன். எந்திரி, இடம் மாறு.