இரவல் கோட்டு

ஹலோ... ஹலோ... ட்ரீனாவா? ... நான்தாம்மா, அப்பா... ஆமா, ஆமா, உயிரோடதான் இருக்கேன். இடுப்பு மட்டும் செத்துப் போச்சு. தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டுப் பேசறேன்... விடுதி ரூம்லதான். மெத்தை நடுவுல குழி விழுந்து கிடக்கு, தரைதான் கொஞ்சம் தாங்குது.

எங்கயா? அமரில்லோ... ஆமா, டெக்சாஸ்லதான் இன்னும்... தெரியும். நாளைக்கு நாலு மணிக்குக் கல்யாணம்னு தெரியும். பெத்தவனுக்குத் தெரியாதா? ... ஃபீனிக்ஸுக்கு இன்னும் எழுநூத்தி அம்பது மைல் பாக்கி... ஏய், கத்தாத. முதல்ல கேளு.

வலது கால் மரத்துப் போச்சு. இடுப்புல ஆரம்பிச்சு பாதம் வரைக்கும். கென்டக்கியில நம்ம வீட்டு வாசல்ல ஏறி உட்கார்ந்தவன், ரெண்டு நாளா அந்த ட்ரக்கை விட்டு இறங்கலை. காலையில பெட்ரோல் போடத் திரும்பினேன். பிரேக்கை மிதிக்கணும். மனசு மிதிக்குது, கால் அங்க போகலை. குப்பைத் தொட்டி மேல ஏத்திட்டேன்... இல்ல இல்ல, யாருக்கும் அடி இல்ல... ஆனா ஒரு பொம்பளை கைக்குழந்தையோட நின்னா ட்ரீனா. ரெண்டு எட்டு தள்ளி. அந்தப் புள்ள என்னையே பார்த்துச்சு.

அதான் சாவியை விடுதிக்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். நானே வந்து கெஞ்சினாலும் தராதேன்னு சொல்லிட்டேன்.

...

என்னது? டிக்கெட்டா? ... எப்ப போட்ட? ... நான் போன் பண்றதுக்கு முன்னாடியேவா? உங்கம்மா புத்தி அப்படியே இருக்கு உனக்கு... இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு பத்துக்கா... இல்ல. இல்லம்மா. பிளேன் வேண்டாம்.

வேண்டாம்னா வேண்டாம்தான். எத்தனை தடவை சொல்றது? சோதனைன்னு கண்ட பய வந்து என் உடம்பைத் தடவ நான் கையைத் தூக்கிட்டு நிக்க மாட்டேன். மெஷினுக்குள்ள நிக்க வெச்சு அம்மணமாப் பார்ப்பானாம். இது சுதந்திர நாடு. அறுபத்தி மூணு வயசுல...

...

...

என்ன சொன்ன?

... ம்... ம்... நான் எழுதின அந்தக் கடுதாசியா? நம்ம ஊர்ப் பேப்பர்ல வந்ததா? அதை ஃபிரிட்ஜ் கதவுலயா ஒட்டி வெச்சிருக்க? ... மாப்பிள்ளை கர்ட்டிஸ் படிச்சாரா? ... அவங்க வீட்டு ஆளுங்களுமா? ... ‘கொள்கைக்காக நிக்கற மனுஷன்’னா?

அட கடவுளே.

கிழிச்சுப் போடும்மா அதை... இப்பவே. கிழிக்கிற சத்தம் எனக்குக் கேட்கணும்... ஏனா? ஏன்னா அது பொய். எழுத்து எழுத்தாப் பொய் இல்ல. இந்தத் தடவல் தப்புன்னு சண்டை போடறவங்க இருக்காங்க. அவங்க நியாயமாவே போடட்டும். நான் அந்தச் சண்டைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். மழைக்கு மாட்டுக் கொட்டாய்ல ஒதுங்கற மாதிரி.

கர்ட்டிஸ் பக்கத்துல இருக்காரா? ... வெளிய போகச் சொல்லு... சும்மா சொல்லு, மாப்பிள்ளை கோவிச்சுக்க மாட்டார்... போயிட்டாரா? கதவை மூடினியா?

ஜனவரியில எனக்கு ஆபரேஷன் ஆச்சுல்ல... ம், குடலிறக்கம்னு சொன்னேன்ல. குடலிறக்கம் இல்ல. குடல்ல கட்டி... இரு. இரு, அழாத. வெட்டி எடுத்துட்டாங்க, இப்ப ஒண்ணும் இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கறாங்க. ஆனா வயித்துல இடது பக்கம் ஓட்டை போட்டு ஒரு பை ஒட்டியிருக்கு. மலம் அது வழியாத்தான் வரும். சாகற வரைக்கும்... ஆமா. இப்பவும் ஒட்டிக்கிட்டுத்தான் பேசறேன்.

யார்கிட்டயும் சொல்லலை... வேலை பார்க்கற குவாரியில தெரிஞ்சா என்ன பேர் வைப்பானுங்கன்னு உனக்குத் தெரியாது. ஒருத்தனுக்கு ஒரு விரல் போனதுக்கே இன்னைக்கு வரைக்கும் ‘ஒம்போது’ன்னு கூப்பிடறானுங்க. நானும்தான் கூப்பிடறேன்.

...

மார்ச்சுல உன் புது வீட்டைப் பார்க்க வர்றதா இருந்தேன்ல. நீ ஃபீனிக்ஸ் விமான நிலையத்துல ரெண்டு மணி நேரம் நின்ன... சோதனைக்கு ஒத்துக்கலை, திரும்பி வந்துட்டேன்னு சொன்னேன்... ம். அன்னைக்கு நடந்தது வேற.

குளிரா இருந்துச்சு. என்கிட்ட உருப்படியா இருக்கறது ஒரே கோட்டு... அதேதான், குவாரி கோட்டு. முப்பத்தோரு வருஷம் பாறையில குழி போட்டு வெடிமருந்து திணிச்சவன், அந்த மருந்து ஒட்டின கோட்டையே மாட்டிக்கிட்டு பிளேன் ஏறப் போயிருக்கேன். உலகத்துல எவனாவது செய்வானா? ... சிரி, சிரி. சிரிக்க வேண்டியதுதான்.

மெஷினுக்குள்ள போக மாட்டேன்னேன். படத்துல பை தெரிஞ்சிடும்ல. சரி, கையால பார்க்கறோம்னு சொன்னாங்க. ஒரு சின்னப் பையன், முகத்துல பரு. மரியாதையாத்தான் பேசினான். துணித் துண்டால என் கையைத் துடைச்சு, வெடிமருந்து இருக்கான்னு பார்க்கற ஒரு பெட்டியில அதை வெச்சான். பெட்டி அலறுச்சு. கோட்டைத் துடைச்சான். அதுக்கும் அலறுச்சு. கோட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேர் ஓடி வந்தாங்க. வரிசை மொத்தமும் என்னையே பார்க்குது.

உடம்புல எங்கயாவது வலி இருக்கா, ஏதாவது வெச்சுக் கட்டியிருக்கான்னு அந்தப் பையன் கேட்டான். ரெண்டு தடவை கேட்டான். தனி ரூமுக்குப் போகலாமான்னும் கேட்டான்... இல்லன்னு சொன்னேன். சொல்ல வாய் வரலை ட்ரீனா. அவ்வளவு பேர் முன்னாடி, வயித்துல பை இருக்குன்னு.

அப்ப என் பின்னால ஒருத்தர் நின்னார். தலைப்பாகை, வெள்ளைத் தாடி. என் வயசுதான் இருக்கும்...

இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

...

கத்தினேன். ‘என்னை ஏன்டா தடவறீங்க, நான் இந்த மண்ணுல பொறந்தவன்டா, அதோ நிக்கறான் பாரு தலைப்பாகைக்காரன், அவனைத் தடவுங்கடா’ன்னு... ஆமா. நான்தான். உங்கப்பன்தான்... இன்னும் சொன்னேன். அதை உன்கிட்ட சொல்ல மாட்டேன்.

வரிசையில ரெண்டு பேர் கை தட்டினாங்க. அதையும் கேட்டுக்கோ. எனக்கு அது நல்லா இருந்துச்சு. ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு.

அவரையும் தனியாக் கூப்பிட்டு நிறுத்திட்டாங்க. நான் கத்தினதுனாலயா, எப்பவும் அப்படித்தானான்னு எனக்குத் தெரியாது. அவர் இதெல்லாம் பழகினவர் மாதிரி கையை நீட்டிக்கிட்டு நின்னார்.

அப்புறம் அந்தப் பையன் என் வயித்தைத் தொட்டான். நான் வேற கத்திக்கிட்டுத் திரும்பினேன். பை பிச்சுக்கிச்சு.

... ம்.

... ம். பேன்ட்டெல்லாம். நாத்தம் ட்ரீனா. கை தட்டினவனுங்கதான் முதல்ல நகர்ந்தானுங்க.

கோட்டு இல்ல, மூடிக்க ஒண்ணும் இல்ல. சட்டையை இழுத்து இழுத்து விடறேன். யாரோ பின்னாலருந்து என் இடுப்பைச் சுத்தி ஒரு கோட்டைப் போட்டாங்க. முடிச்சுப் போடற மாதிரி ரெண்டு கையையும் முன்னால கொண்டுவந்து கட்டினாங்க. குனிஞ்சு பார்த்தா கட்டற கையில இரும்புக் காப்பு... ஆமா. அவர்தான்.

‘எங்க அண்ணனுக்கும் இருந்துச்சு. தண்ணி குழாய் அந்தப் பக்கம், வாங்க’ன்னார். அவ்வளவுதான் பேசினார். கழுவற இடத்து வாசல்ல நின்னு, உள்ள யாரும் வராம பார்த்துக்கிட்டார். அவரோட பிளேனைக் கூப்பிட்டாங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, எனக்கே கேட்டுச்சு. அப்புறம்தான் போனார். பிளேன் கிடைச்சுதோ என்னவோ.

நான் என்ன சொன்னேனா?

ஒண்ணும் சொல்லலை.

என் கோட்டைத் திருப்பிக் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டு வெளிய வந்து ட்ரக்ல ஏறி ஊருக்குப் போயிட்டேன். சலூன்ல முடி வெட்டப் போனா, ஏன் வெர்னன் திரும்பிட்டன்னு கேட்டானுங்க. தடவ விடலைன்னேன். முதுகுல தட்டினானுங்க. அந்த ருசியிலதான் கடுதாசி எழுதினேன். சர்ச்சுல பாஸ்டரே எழுந்து நின்னு படிச்சார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அடக்கமான மனுஷன்னு நினைச்சிருப்பாங்க.

... ம்... ம்... இல்லம்மா, பை இருக்கறதுக்கு வெட்கப்படலை இப்ப. ரெண்டு நாளா ரோட்டுல யோசிச்சுக்கிட்டே வந்தேன். அது வெறும் உடம்பு. வெட்கப்பட வேண்டியது வாய்.

...

தள்ளி வைக்கறதா? கல்யாணத்தையா? அடி விழும் உனக்கு! ஒண்ணும் தள்ள வேண்டாம்.

...

எத்தனை மணிக்குன்ன? அஞ்சு பத்தா? ... இங்கருந்து விமான நிலையம் கால் மணி நேரம்தான்னு விடுதிக்காரம்மா சொல்லுச்சு... ம். கேட்டு வெச்சேன். சும்மாதான் கேட்டேன்... சரி, சும்மா இல்ல.

போறேன்... போறேன்னுதான் சொன்னேன். அழாத, மூக்கு சிவந்தா நாளைக்கு போட்டோவுல தெரியும். வாசல்லயே சொல்லிடறேன், வயித்துல பை இருக்கு, பார்த்துத் தொடுங்கன்னு. தனி ரூம் கேட்கறேன். கையில மருந்து ஒட்டியிருக்கலாம், குவாரிக்காரன்னும் முதல்லயே சொல்லிடறேன். வாயை மூடிக்கிட்டு நிக்கறேன்... மாத்துப் பை நாலு இருக்கு. இருக்கு, இருக்கு. சக்கர நாற்காலியா? ... சரி, சொல்லு. அதையும் கேட்டுடறேன், இன்னைக்கு எல்லா மானமும் போகட்டும்.

என்னது? ... கோட்டா? குளிருதுதான். என் கோட்டு ட்ரக்லயே கிடக்கட்டும், அதைப் போட்டா மறுபடி பெட்டி அலறும். அவர் கோட்டைத்தான் போட்டுக்கணும்... இங்க ரூம்லதான் இருக்கு, இத்தனை நாளும் ட்ரக் சீட்டுக்குப் பின்னால வெச்சுக்கிட்டே சுத்தினேன். மூணு தடவை துவைச்சுட்டேன். தோள்பட்டை கொஞ்சம் இறுக்கம்.

விலாசமா? உள் பாக்கெட்டுல அட்டை இருக்கும்மா. லூயிவில்ல லாரி ரிப்பேர் கடை. நம்ம வீட்டுலருந்து ரெண்டரை மணி நேரம். உன்கிட்ட வர ரெண்டு நாள் ஓட்டினவன், அங்க எட்டு மாசமாப் போகலை... ரெண்டு தடவை கிளம்பினேன். ஒரு தடவை கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். அவர் குனிஞ்சு டயர் கழட்டிக்கிட்டு இருந்தார். திரும்பிட்டேன்.

...

ஹார்ன் அடிக்கறாங்க, டாக்ஸி வந்துடுச்சு போல. அந்தம்மாவே கூப்பிட்டிருக்கும்... இரு, எழுந்திரிக்கறேன்... ஆ... அம்மா... முடியுது, முடியுது. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

யாராவது கோட்டு நல்லா இருக்கேன்னு கேட்டா இரவல்னு சொல்லிடு ட்ரீனா. மறைக்காத. பேர் குர்தேவ். அந்த மனுஷனுக்கு நான் ஒரு கோட்டும் ஒரு மன்னிப்பும் பாக்கி. ரெண்டையும் இன்னும் குடுக்கலை.

வெச்சிடறேன்.