குப்பைவாளியில் தட்டி வென்றவர்கள்

புவாண்ட்-கிளேரிலிருந்து டவுன்டவுன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் காலிலும் வேர்ஹவுஸ் சப்பாத்து. மூத்தவர் தலையில் பேஸ்பால் தொப்பி.

"பிடிபட்ட பிறகும் ஒருத்தனும் அந்த மோதிரத்தைக் கழட்டேல்லை, பிள்ளை" என்றார் அவர்.

"எந்த மோதிரம் அக்கா?"

"பேஸ்பாலில வெண்ட டீமுக்குக் குடுக்கிற சம்பியன் மோதிரம். பந்து போடுறவனுக்குக் காட்டுற சைகையைக் கமராவில களவாப் பார்த்து, குப்பைவாளியில தட்டி, என்ன பந்து வருது எண்டு தங்கட அடிக்கிற ஆளுக்குச் சொல்லிக் குடுத்து வெண்டவங்கள். கோப்பையைக்கூடப் பறிக்கேல்லை."

"இந்த ஊருக்கு ஒரு பேஸ்பால் டீமே இல்லை. உங்களுக்கேன் இவ்வளவு கோவம்?"

"நான் பாக்கிற டீமில ஒருத்தன், ஒரு குழப்படியும் இல்லாமல் விளையாடினவன். நேற்று அவனை வேற டீமுக்கு ட்ரேட் பண்ணிப்போட்டாங்கள். அவன்ர மனிசிக்குப் பிள்ளை பிறக்கிற கிழமை. களவு செய்யிறவன் இருப்பான். ஒழுங்கா நிண்டவனைத்தான் அனுப்புவாங்கள்."

"பாவம். அவனுக்கு ஆர் சொன்னதாம்?"

"மனேச்சர் போன் எடுத்துச் சொன்னவராம்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அவனுக்காவது போன் எடுத்தவங்கள். இண்டைக்குக் காலமை வேலைக்குப் போனால், என்ர ஐடி கார்டுக்குக் கதவு திறக்கேல்லை. செக்யூரிட்டிதான் வந்து, 'உங்களை சென்ட்-ஆன் வேர்ஹவுஸுக்கு மாத்தியாச்சு, தெரியாதா?' எண்டு கேட்டவன். பேந்து, இண்டைக்கு மட்டும் எண்டு திறந்து விட்டவன்."

"நீங்கள் என்னட்டைச் சொல்லேல்லையே அக்கா!"

"எனக்கே ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை."