சிங்கம் இணைய விரும்புகிறது

— தொடாதே அக்கா! ரிமோட்டை அப்படியே வை.

— ஏன்டி, பாம்பைப் பாத்தவ மாதிரி கத்துற? டிவியில ஏதோ நம்பர் வந்திருக்கு, அவ்வளவுதானே.

— நம்பருக்கு மேல படி. "சிங்கம் இணைய விரும்புகிறது." அது அவர் போன். கல்யாணமான புதுசுல நான்தான் அந்தப் பேரை வச்சேன்.

— அட போடி. மாப்பிள்ளை எங்கே, நாம எங்கே? நீ ஊர் மாறி என் வீட்டுல ஒளிஞ்சிருக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்?

— தெரிஞ்சிருக்கே! நம்ம வைஃபைக்குள்ள வந்துட்டார்னா பக்கத்துலதான் எங்கேயோ நிக்கிறார்.

— எல்லாம் நீ போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரால வந்த வினை. போன்ல ஓடுறதை டிவியில காட்டுதுன்னு பெருமையா சொன்ன. ஓசியில வர்றது என்னிக்கு ஒழுங்கா இருந்திருக்கு?

— அதைக் குத்தம் சொல்லாதே. முகம் தெரியாத எத்தனையோ பேர் சேந்து எழுதினது. உள்ளே என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம். நானே வரி வரியா பாத்திருக்கேன், திருட்டு வழி கிடையாது. டிவியில வர்ற நம்பரை அடிக்காம யாரும் உள்ளே வர முடியாது.

— அப்புறம் என்னடி பயம்?

— அக்கா... நம்பர் போயிடுச்சு. அடிச்சுட்டார்.

— டிவியில இது என்ன படம், ஒரே ஆட்டமா ஆடுது?

— போன் கேமராவைப் போட்டுக்கிட்டே ஏறி வர்றார். நம்ம மாடிப்படி. அதோ, உடைஞ்ச கைப்பிடி.

— சத்தம் போடாதே. நிதானமா இரு.

— திரைச்சீலை மூடியிருக்கு. வெளியில இருந்து யாரும் பாத்திருக்க முடியாது. இந்த ரூம்ல நாம ரெண்டு பேர்தான். நம்பர் எப்படி அவர் கைக்குப் போச்சு?

— நம்பரை விடுடி, முதல்ல டிவியை அணைச்சிடலாம்.

— அக்கா, என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

— பெரிய திரையில மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வாசப்படி மிதிப்பேன்னு அழுதார்டி. போன்ல தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு மனசு கேக்கல. வைஃபை பாஸ்வேர்டை நேத்தே சொல்லிட்டேன், நம்பரை இப்பதான் மெசேஜ்ல அனுப்பினேன்.

— என் கையை உடைச்ச அன்னைக்கும் அழுதார். கட்டுப் போட்டு முடியிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து அழுதார்.

— இதை ஏன்டி என்கிட்ட சொல்லல? விழுந்துட்டேன்னுதானே சொன்ன?

— அக்கா, டிவியைப் பாரு! நம்ம கதவு! ஓடு, தாழ்ப்பாளைப் போடு!

— அதைக் கழட்டி வைக்கச் சொன்னார்டி... காலையிலேயே கழட்டிட்டேன்.