ஓட்டுப் போடாத மெம்பர்

ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. சரித்திரத்துல தேடாதீங்க... நானா கட்டின கதை.

நூத்தம்பது வருஷம் முன்னால அமெரிக்காவில, தெற்குச் சீமையிலேர்ந்து ஒரு காங்கிரஸ் மெம்பர். நம்ம ஊர் காங்கிரஸ் இல்லீங்க, அங்கே பார்லிமென்ட்டுக்கே அதான் பேரு. இவர் பேரு லெமுவல் கார்விக். அடிமைகளை வச்சு அந்தச் சீமைக்காரங்க செஞ்ச பாவம் நிறைய, அதை மூடி மறைக்க நான் வரலை. ஊருக்கு ரயில் கொண்டுவரேன்னு சொல்லி ஜெயிச்சவர் இவர்.

அந்தச் சபையில ஒரு வழக்கம். எதிர்க்கட்சிக்காரர் அவசரமா ஊருக்குப் போகணும்னா இந்தப் பக்கம் ஒருத்தர் சொல்லுவார்... 'நீங்க வர்ற வரைக்கும் நானும் ஓட்டுப் போடலை.' அந்தப் பக்கம் ஒரு ஓட்டு குறைஞ்சா இந்தப் பக்கமும் ஒண்ணு குறையும், கணக்கு சரி. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வெறும் வாய்ச்சொல்.

எதிர்க்கட்சி ஆல்டன் வந்தார். 'கார்விக், என் சம்சாரம் சாகக் கிடக்கா.'

'போயிட்டு வாங்க. நான் ஓட்டுப் போடலை.'

அவர் அந்தப் பக்கம் போனார்... இந்தப் பக்கம் ரயில் மசோதா ஓட்டுக்கு வந்துடுச்சு. யார் எதிர்பார்த்தா? சொந்தக் கட்சிக்காரன் காதைக் கடிக்கிறான். 'சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா. உன் ஊரு ரயிலுய்யா.'

பேரைக் கூப்பிட்டாங்க. கார்விக் எழுந்தார். 'ஆல்டனுக்குச் சொல்லு கொடுத்திருக்கேன்.' உட்கார்ந்துட்டார். அந்த ஒரு ஓட்டு இல்லாம மசோதா தோத்துது.

அப்புறம்? மெம்பர்கள் தங்கின விடுதியில அவர் மேஜையில யாரும் சாப்பிட உட்காரலை. ஊருக்குப் போனா, சர்ச்சுல அவர் உட்கார்ந்த பெஞ்சுல வேற யாரும் உட்காரலை. அடுத்த தேர்தல்ல மண்ணைக் கவ்வினார். சொந்த ஜனத்துக்கு நடுவுல தனிமை... அது பெரிய கொடுமைங்க.

ஆல்டன் தேடி வந்தார். 'நீங்க ஓட்டுப் போட்டிருந்தாலும் நான் தப்பா நினைச்சிருக்க மாட்டேனே.'

'தெரியும்ங்க. உங்களுக்குப் பயந்தா உட்கார்ந்தேன்?'

ஊருக்குக் கொடுத்த சொல்லு என்னாச்சுன்னு கேப்பீங்க. கேக்கணும். ரெண்டையும் காப்பாத்த முடியலை. அங்கே இல்லாதவனுக்குக் கொடுத்ததைக் காப்பாத்தினார். ஏன்? ரயிலுக்காகப் பேச அந்தச் சபையில பாதிப் பேர் இருந்தாங்க. சாகக் கிடக்கிற சம்சாரம் பக்கத்துல இருக்கிறவனுக்காகப் பேச யார் இருந்தா?

புதுசா ஜெயிச்ச வார்டு மெம்பர்களே... நாளைக்கு நீங்க கை தூக்கும்போது, கூட்டத்துக்கு வர முடியாத எவனோ ஒருத்தன் உங்களை நம்பி வீட்டுல இருப்பான். அவனுக்காகத் தனியா நிக்க வேண்டி வரும். கைதட்ட ஒருத்தன் வரமாட்டான். நில்லுங்க.