ஏழாம் குழிக்குக் கட்டாத வலை

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முதல் வரிசையில் அழக்கூடத் தெம்பில்லாமல் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, நமது கோல்ஃப் மைதானத்தின் உறுப்பினர்களே, சக பயிற்சியாளர்களே, வணக்கம்.

நம் தலைமைப் பயிற்சியாளரை, "நடு வாத்தியார்" என்று நாம் உரிமையோடு அழைத்த பெருமகனை இழந்து நிற்கிறோம். எனக்கு முன் பேசிய செயலாளர், எல்லாம் விதி என்றார். விதியா? பந்தடிக்கும் திட்டை இடம் மாற்றியது விதியா? அதற்கு வருகிறேன்.

ஏழாம் குழி உங்களுக்குத் தெரியும். மைதானத்திலேயே குட்டையானது. ஒரே அடியில் பந்தைக் குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் ஏற்றிவிட்டால், குழிக்குள் உருட்ட இன்னும் இரண்டு அடி கையில் இருக்கும். எளிது. எளிது என்பதால்தான் எல்லோரும் அங்கே கோட்டை விட்டார்கள்! வாத்தியார் சொல்வார்: "குட்டைதானேன்னு இளக்காரமா நினைக்காதீங்க. கொஞ்சம் தூரம் போற மட்டையா எடுத்து, முக்கால்வாசி வீசினாப் போதும். குழியில நட்ட கொடி ஓரத்துல நின்னு கூப்பிடும், போயிடாதீங்க. நடுவுல போடுங்க." அதனால் வந்ததுதான் "நடு வாத்தியார்" என்ற பெயர்.

இதோ, நமது பல் மருத்துவர் அமர்ந்திருக்கிறார். பந்தைப் புல்தரையை ஒட்டிய குளத்திலேயே போட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் வாத்தியார் கொடியைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, புல்தரை நடுவில் ஒரு துண்டை விரித்தார்.

"கொடி எங்க வாத்தியாரே?"

"அது எதுக்கு டாக்டர்? பல்லைப் பிடுங்கறப்போ இந்த வேகத்துலயா இழுப்பீங்க? மெதுவா, துண்டு மேல."

பந்து துண்டின் மேலேயே விழுந்தது. மருத்துவர் சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். அப்படிப்பட்ட ஆசான் அவர்!

அந்த ஆசானை நாம் என்ன செய்தோம்? புதிய உணவுக்கூடத்தின் கண்ணாடி வழியே ஆட்டம் தெரிய வேண்டுமென்று திட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினோம். வேடிக்கை கூடட்டுமென்று கொடியைக் குளத்தோரமே நட்டோம். இப்போது பந்து பறக்கும் வழியில், ஆறாம் குழியிலிருந்து ஆட்கள் நடந்து வரும் பாதை! "கொடியைக் குறி வச்சு அடிக்கிற பந்து தப்பினா, பாதையிலதான் விழும். ஒரு வலையாவது கட்டுங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் மன்றாடினார். கிடைத்த பதில் என்ன? வலை கட்டினால் காட்சி கெடுமாம். காட்சி!

வலை வரவில்லை. அவரே போய் நின்றார். ஓய்வு நேரமெல்லாம் அந்தப் பாதையில் நின்று, நடப்பவர்களைக் கைதூக்கி நிறுத்தினார். போன வாரம் ஒரு கணவன் மனைவியைப் பின்னுக்குத் தள்ளியவர், அவர்களுக்கு வந்த பந்தைத் தன் தலையில் வாங்கினார். அடித்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கொடியைப் பார்த்து அடித்தார். கொடியை அங்கே நட்டவர்கள் மலர்வளையத்தோடு வந்திருக்கிறார்கள்.

நேற்று அண்ணி என்னைக் கேட்டார்: "இப்பவாவது வலை கட்டிட்டாங்களா தம்பி?" அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன், நண்பர்களே!

ஏழாம் குழிக்கு அவர் பெயரைச் சூட்டிப் பலகை வைப்பதாகச் செயலாளர் அறிவித்தார். பலகை வேண்டாம். திட்டு பழைய இடத்துக்குப் போக வேண்டும். அதுவரை பயிற்சியாளர்கள் நாங்கள் அனைவரும் அந்தத் திட்டிலேயே உட்கார்ந்திருப்போம்; ஒரு பந்தும் அங்கிருந்து கிளம்பாது. இது வாத்தியார்மேல் ஆணை.

இல்லை, பலகைதான் வைப்போம் என்றால் வையுங்கள், செயலாளர் அவர்களே. திறப்பு விழா அன்று மட்டும் நாங்கள் எழுந்து ஆட்டத்துக்கு வழிவிடுகிறோம். நீங்கள் அந்தப் பாதையில் நடந்து வாருங்கள்.